பெண் குழந்தை பிறந்தது, ஆபரேஷன் செய்தார்கள்

1966 அக்டோபர் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு என் அக்கா செவந்தியின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். நோட்டில் பத்தே முக்கால் என்று எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாக் கடிகாரம் சரியாக ஓடாது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் சுமார் என்று போடுகிறேன்.

எங்கள் ஊர் ஆலங்குடியிலிருந்து மூன்று மைல். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதமே அக்காவைப் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இரண்டு நாள் வலி எடுத்தும் குழந்தை இறங்கவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "குறுக்க கெடக்கு, புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்க" என்றாள். வாடகைக் கார் பிடித்துப் போனோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். அப்பாவை ரத்தம் கொடுக்க அனுப்பினார்கள். பிறகு ஒரு தாளை நீட்டி, "யார் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் வயது பதினேழு. ஆத்தாதான் பெருவிரலில் மை தடவி அழுத்தினாள்.

பெண் குழந்தை. ஐந்தே கால் ராத்தல். உடனே அழுதது.

அக்கா மூன்று மணிக்குத்தான் கண் திறந்தாள். மயக்க மருந்து வயிற்றைப் புரட்டி வாந்தி வந்தது. ஒவ்வொரு குமட்டலுக்கும் வயிறு இழுத்துக்கொள்ள, அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். கொடுக்கக் கூடாது, பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கலாம் என்றாள் நர்ஸ். நான் வைத்தேன். அவள் பஞ்சைப் பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டாள். அது தப்பா என்று நர்சைக் கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமல் விட்டேன்.

மறுநாள் ஆத்தா பழம்புடவையைக் கிழித்து வயிற்றில் கட்டப் போனாள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டாவிட்டால் தொங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து முறை. நர்ஸ் ஓடி வந்து துணியைப் பிடுங்கினாள்.

"என்னம்மா செய்றீங்க? உள்ள பன்னெண்டு தையல் இருக்கு!"

"அப்ப சுடுதண்ணி எப்ப ஊத்துறது?"

"ஊத்தவே கூடாது."

ஆத்தா துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் இங்கே குற்றமாக இருந்தது.

அன்றைக்குத்தான் நான் மச்சானுக்குக் கார்டு எழுதினேன். மச்சான் நாகராசு, அக்காவின் புருஷன். பொன்னமராவதியில் ஒரு அரிசி மில்லில் வேலை, ஊர் அங்கிருந்து ஒரு மைல். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி, இரண்டு வருஷமாக ஆலங்குடி மாதர் சங்கத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். வகுப்பில் செபமாலை டீச்சர் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முக்கியச் செய்தி முதலில் வர வேண்டும், வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும், படிக்கிறவர் பயப்படும்படி எதையும் எழுதக் கூடாது. நாள் தவறாமல் நோட்டில் அரைப் பக்கம் எழுதச் சொன்னதும் அவர்கள்தான். வகுப்பைத் தவிர யாருக்கும் நான் எழுதிய முதல் கடிதம் அது. முதலில் நோட்டில் எழுதிப் பார்த்து, இரண்டு இடம் அடித்துத் திருத்தி, பிறகு கார்டில் எழுதினேன். அதனால் வார்த்தை மாறாமல் இங்கே கொடுக்க முடிகிறது.

"அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, மீனம்மாள் எழுதியது. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இனிமேல் ஒன்றும் பயமில்லை. தாங்கள் உடனே புறப்பட்டு வரவும்."

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடியபடி கேட்டாள்.

"பொண்ணுன்னு மொதல்லயே போட்டுட்டியா? அத்த மூஞ்சியத் தூக்கும். அதக் கடைசியில போடுடி."

"முக்கியமானதத்தான்க்கா முதல்ல போடணும்."

"சரி, ஒனக்குத்தானே தெரியும்."

டீச்சர் சொன்ன வரிசையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதோடு மையில் எழுதிவிட்டேன், இன்னொரு கார்டு வாங்க ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போக வேண்டும். இரண்டில் எது உண்மையான காரணம் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் தபால் பெட்டியில் போட்டேன்.

மூன்றாம் நாள் அவளை உட்கார வைத்தார்கள். ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும் என்று நர்ஸ் காட்டினாள். அக்கா எழுந்தபோது முகத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான்காம் நாள் பால் கட்டி மார்பு கல்லானது. வயிற்றின் மேல் குழந்தையை வைக்க முடியாததால் பக்கத்தில் கிடத்தி, நான் அதன் தலையைப் பிடித்துக்கொள்ள, பால் கொடுத்தாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சிரிப்புக்கும் அதேதான். பக்கத்துக் கட்டில் செங்கமலம் அக்கா குடுமியான்மலைக்காரி, நான்கு பிள்ளைக்காரி, வாயைத் திறந்தாலே வேடிக்கை. அவள் பேச ஆரம்பித்தால் அக்கா, "அத்தாச்சி, வேணாம், தையல் பிரிஞ்சிரும்" என்று கெஞ்சுவாள்.

தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மணி அடித்துப் பார்வையாளர்களை விடுவார்கள். மூன்றரைக்கே அக்கா எனக்குச் சீப்பைக் காட்டுவாள். தலை வாரி, முகம் துடைத்து, பொட்டு வைத்துவிடுவேன். ஆண்கள் உள்ளே வரக் கூடாது, வராந்தாவில் நின்றுதான் பேச வேண்டும். அக்காவின் கட்டிலிலிருந்து வராந்தா தெரியாது, கதவின் கீழ்ப்பாதி மட்டும் தெரியும். ஆறு மணிவரை அங்கே வந்து போகும் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ஒரு முனையில் சீழ் வைத்திருந்தது. அந்த இடத்தைத் திறந்து தினமும் மருந்துத் துணி திணித்தார்கள். அப்போதுதான் முதல் தடவையாக அக்கா "ஆத்தா" என்று கத்தினாள். காய்ச்சல் வந்தது. வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போனது.

அக்டோபர் இருபதாம் தேதி வியாழக்கிழமை நான்கு மணிக்கு மச்சானின் சித்தப்பா பிச்சைமுத்து வந்தார். ஆத்தாவும் நானும் வராந்தாவுக்கு ஓடினோம். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கண்ணே, மாப்ள வரலியா?"

"அவன் எதுக்கு வாரது? யாரக் கேட்டும்மா ஆபரேஷன் செஞ்சீங்க?"

"கேக்க எங்கண்ணே நேரம்? நின்ன நெலையில கேட்டாக. இவுக அப்பாவும் ரத்தம் குடுக்கப் போயிட்டாக. நாந்தான் கைநாட்டு வச்சேன்."

"நீயே வச்சியாக்கும்! அறுத்தாச்சு, அப்புடித்தான?"

"அறுத்தாத்தான் எம் மக பொழைப்பான்னாக."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியே. பொன்னமராவதி என்ன பினாங்குலயா இருக்கு?"

"நீங்க வாரதுக்குள்ள அவ போயிருப்பாண்ணே."

"ஒத்தப் பொட்டப்புள்ளையோட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி விடு. ஒங்க மக, ஒங்க இஷ்டம். எங்க பயலுக்கு ஆக வேண்டியத நாங்க பாக்கணும்ல."

"என்னண்ணே பாக்கப் போறீங்க?"

"பாக்குறதுதான்."

"புள்ளயக் கொண்டாரேன், ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்கண்ணே. மூக்கு அப்புடியே மாப்ள மூக்கு."

"இந்த பஸ்ஸ விட்டா நான் ஊரு போயிச் சேர முடியாது" என்று படி இறங்கிவிட்டார்.

ஆத்தாவுக்குப் பேச்சின் தொடக்கமும் புரியவில்லை, முடிவும் புரியவில்லை. எனக்கும்தான். உள்ளே போய் ஆத்தா அக்காவிடம், "மாப்ளைக்கு மில்லுல லீவு இல்லையாம். வருவாராம்" என்று சொல்லிவிட்டாள்.

குழாயடியில் துணி அலசும்போது செங்கமலம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அந்த ஆளு பேசுனத வெளியில ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குச் செஞ்ச ஆபரேஷனத்தான் ஒங்கக்காளுக்கும் செஞ்சுட்டாகன்னு நெனச்சுக்கிட்டுல போறாரு!"

"ஒங்களுக்கு என்ன ஆபரேஷன்?"

"புள்ள வேணாம்னு செய்யிறதுதான். எங்க பக்கம் ஆபரேஷன்னா அது ஒண்ணுதான்டி. மாசாமாசம் ஜீப்பு வந்து மைக்குல கத்துது. எம் புருசன் மைக்குச் சத்தம் கேட்டா கம்மாய்க்குள்ள எறங்கி ஒளிஞ்சுக்கிருவாரு. எத்தன நாளைக்குக் கம்மாயில கெடப்பாருன்னு நானே வந்து படுத்துட்டேன்."

நான் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு வந்து நோட்டைப் பிரித்தேன். இன்னொருத்தர் எழுதியதைப் படிப்பதுபோல் படித்தேன். பெண் குழந்தை பிறந்தது. அது முடிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். அது அதற்குப் பிறகு. இனிமேல் ஒன்றும் பயமில்லை. 'ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள்' என்று நான் எழுதியிருந்தால் போதும். அக்கா சொன்னபடி பெண் என்பதைக் கடைசியில் போட்டிருந்தாலும் வரிசை தானாகவே சரியாக வந்திருக்கும்.

மறுநாள் காலை டாக்டரம்மா சுற்றி வந்தபோது, அக்கா காதில் விழாத தூரம்வரை பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"இனிமே பொறக்காதா? யாரு சொன்னது?" என்றார்கள். "கர்ப்பப்பை நல்லா இருக்கு. மூணு வருஷம் போகட்டும். அடுத்த பிரசவத்தை வீட்டில வச்சுப் பாக்கக் கூடாது, ஒரு மாசம் முந்தியே இங்க வந்திடணும். மறுபடி கீற வேண்டி வரலாம். ஆறு மாசத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது." சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பொன்னமராவதிக்குப் பஸ் ஏறினோம். அக்காவிடம் அப்பா மட்டும் போவதாகவும் நான் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருவதாகவும் சொல்லியிருந்தோம். பஸ்ஸில்தான் அப்பாவிடம் கார்டைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா? ஒரு வார்த்தையிலதான் நிக்குதுன்னா, போயி வெவரத்தச் சொன்னா முடிஞ்சுபோச்சு."

மச்சான் வீட்டு முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை ராக்காயி, மச்சானின் தாயார், "வாங்க" என்று சொல்லிச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். மச்சான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. தகரப் பெட்டியிலிருந்து அத்தை என் கார்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்கள்.

"தபால்காரர் படிச்சதும் ஊரே சிரிச்சுச்சு சம்பந்தி. ஒத்தப் பொண்ணோட முடிச்சுக்கிட்டாளாம்னு."

நான் சொன்னேன். குழந்தை குறுக்கே கிடந்தது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க முடிந்தது, அதைத்தான் ஆபரேஷன் என்று எழுதினேன், நீங்கள் நினைக்கிற ஆபரேஷன் இல்லை, தப்பு என்னுடையது. எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அத்தை வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

"அப்ப இன்னும் பொறக்குமா?"

"பொறக்கும் அத்தை. டாக்டரம்மா வாயாலயே சொன்னாங்க."

"அட பாவி மக்கா!" அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏண்டி எழுத்துக்காரி, கீறி எடுத்தாகன்னு ஒரு வார்த்த சேத்துப் போட்டா ஒங் கை தேஞ்சா போகும்? நாங்க இங்கிட்டு என்னென்னமோ பேசி முடிக்க இருந்தோமே!"

அப்பாவும் சிரித்தார். மச்சான்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அத்தை காப்பி போட எழுந்தார்கள்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டதால்தானே இத்தனையும் வந்தது என்று தோன்றியது. நோட்டைப் பிரித்து மீதியையும் படித்தேன். மூன்று வருஷம். ஒரு மாதம் முந்தி. மறுபடி கீற வேண்டி வரலாம். ஆறு மாதம் கனம் தூக்கக் கூடாது. அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் படித்து முடித்துவிட்டேன்.

அத்தை அடுப்படி வாசலில் நின்றுவிட்டார்கள்.

"மறுபடியுமா?"

"வரலாம்னுதான் சொன்னாங்க. கட்டாயம்னு சொல்லல."

"ஒவ்வொரு புள்ளைக்கும் கிழிச்சுக் கிழிச்சுத் தைக்க அது என்ன வயிறா, சாக்கா?"

மச்சான் முதல் தடவையாகப் பேசினார். "கொடம் தூக்குவாளா?"

"ஆறு மாசத்துக்குக் கூடாது மச்சான்."

"கெணத்துல தண்ணி எறைக்கிறது?"

"அதுவும் கூடாது."

காப்பி வந்தது, குடித்தோம். மச்சான் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, வாரேன்" என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மச்சான் மில் பக்கம் நடந்து போனார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார், "மாப்ள கடைசியா என்ன சொன்னாரு?"

"வாரேன்னு சொன்னாருப்பா."

"ம்."

அதையும் நோட்டில் எழுதினேன். பஸ் ஆடியதால் எழுத்துக் கோணலாக இருக்கிறது: மச்சான் வாரேன் என்று சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஆறடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அக்கா தலை வாரி உட்கார்ந்திருந்தாள். ஆத்தா வாரியிருக்க வேண்டும், வகிடு கோணல். என் காலில் மச்சான் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்ததும், "நீ வீட்டுக்குப் போகல" என்றாள். இனி மறைக்க முடியாது. பிச்சைமுத்து வந்து பேசியது, நான் எழுதிய கார்டு, அதை அவர்கள் எடுத்துக்கொண்ட விதம், அத்தை சிரித்தது, சிரிப்பு நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "ஆனா மச்சான் வாரேன்னு சொன்னாருக்கா" என்றேன். அவளுக்கு என்னால் கொண்டுவர முடிந்தது அது ஒன்றுதான்.

"ஒக்காந்துக்கிட்டுச் சொன்னாரா, எந்திரிச்சுச் சொன்னாரா?"

"எந்திரிச்சுதான்."

"துண்டத் தோள்ல போட்டுட்டா?"

"ஆமா. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"என்னைக்குன்னு சொன்னாரா?"

"இல்ல."

அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அது போயிட்டு வாரேன்டி, மீனா. கெளம்புறப்ப யாரும் சொல்றதுதான். போறேன்னு சொல்லக் கூடாதுன்னு வாரேன்னு சொல்றோம்ல."

"கார்டை நான் ஒழுங்கா எழுதியிருந்தா இதெல்லாம் வந்திருக்காதுக்கா" என்றேன்.

"கார்டுல என்னடி இருக்கு. பெண்டாட்டிக்கு ஆபரேஷன்னு எழுதி வந்தா, என்ன ஆபரேஷன்னு கேக்கவாவது ஒரு எட்டு வரமாட்டாரா மனுசன்? பன்னெண்டு நாளாச்சே."

இதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, உண்மையில் அப்படித்தான் நினைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் சொன்னதே சரி என்று எங்களுக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. தை மாதம் மச்சானுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அக்கா அழவில்லை. அழ வேண்டியதை அந்த ஞாயிற்றுக்கிழமையே அழுதுவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வாய்விட்டு அழக்கூட அவளால் முடியவில்லை. முதல் விம்மலிலேயே காயம் இழுத்தது. வாயைத் திறந்தவள் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையணையைக் கொடுத்தேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு விம்மலை விட்டு, வலி அடங்கும்வரை பொறுத்து, பிறகு அடுத்ததை விட்டாள். செங்கமலம் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறு மணி அடித்தது. குழந்தை விழித்துக்கொண்டு பாலுக்கு வீறிட்டது.

"இங்கிட்டுப் போடு, இந்தப் பக்கம் வலி கம்மி" என்றாள் அக்கா.

பக்கத்தில் கிடத்தி, தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிறுத்தி நிறுத்தி அழுதாள். குழந்தையும் நிறுத்தி நிறுத்திக் குடித்தது.